மேகத்துக்கு அடியில்

செயற்கைக்கோளால் காற்றைப் பார்க்க முடியாது. கடற்புயல்களை விண்வெளித் தரவுகளை வைத்து ஆராய்கிறேன் என்று சொன்னால், மேலே சுற்றுகிற ஒரு கருவி காற்றின் வேகத்தை நேராக அளந்து கீழே அனுப்புகிறது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். கருவிக்கு வந்து சேர்வது மேகத்தில் பட்டுத் திரும்பும் வெயில், மேகமும் கடலும் வெளியிடும் வெப்பக் கதிர், கடல்பரப்பில் மோதித் திரும்பும் ரேடார் துடிப்பு, பெரும்பாலும் இவ்வளவுதான். அங்கிருந்து "மையத்தைச் சுற்றி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது" என்ற ஒரு வரிக்கு வந்து சேர நீண்ட வழி நடக்க வேண்டும். என் பணிக்காலம் பெரும்பாலும் அந்த வழியில்தான் கழிந்தது. எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அதில் கற்றுக்கொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்க நெடுநாளாக ஆசை.

நடுக்கடலில் வானிலை நிலையம் கிடையாது. அங்கங்கே மிதவைகள் உண்டு. ஆனால் ஒரு புயலின் கண், அதாவது அதன் நடுவிலுள்ள அமைதியான பகுதி, மிதவைக்கு நேர்மேலே போவது அபூர்வம். மிச்சம் இருப்பவை கப்பல்கள். கப்பல் தலைவர் கெட்டிக்காரராக இருந்தால் புயலை விட்டு விலகிப் போய்விடுவார். எச்சரிக்கை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்குப் புயலுக்குள்ளிருந்து அளவீடு கிடைப்பது குறையும். செயற்கைக்கோளுக்கு முந்தைய காலத்துப் புயல் பட்டியல்களை எடுத்துப் பார்த்தால் இது புரியும். கப்பல் பாதைகளுக்கு அருகே புயல்கள் நெருக்கமாகப் பதிவாகியிருக்கும், பாதைகளுக்கு அப்பால் வெறுமையாக இருக்கும். கடல் அங்கே அமைதியாக இருந்தது என்று அதற்குப் பொருளில்லை. பார்க்க ஆள் இல்லை.

1960 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது. 78 நாள்தான் வேலை செய்தது. ஏவிய பத்தாவது நாளே ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, கடலில் சுழன்றுகொண்டிருந்த ஒரு புயலைப் படம் எடுத்துவிட்டது. பிறகு 1966 டிசம்பரில் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் வந்தது. அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னர் சுவோமி வடிவமைத்த கேமரா அதில் இருந்தது. பூமியோடு சேர்ந்து சுழலும் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, ஒரே பரப்பைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தது. மேகங்கள் நகர்வதை மனிதர்கள் தொடர்ச்சியாகப் பார்க்கத் தொடங்கியது அப்போதிருந்துதான். இன்று ஜப்பானின் ஹிமாவரி போன்ற செயற்கைக்கோள்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூமியின் முழு வட்டத்தையும் படம் எடுக்கின்றன.

சரி, படம் வந்துவிட்டது. அதிலிருந்து வேகத்தை எப்படிச் சொல்வது? இதற்கு விடை கண்டவர் அமெரிக்க வானிலை ஆய்வாளர் வெர்னான் டிவோராக். 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கி, 1975லும் 1984லும் வெளியிட்ட முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மேகத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்: வளைந்த பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, கண் திறந்திருக்கிறதா, கண்ணின் வெப்பநிலைக்கும் அதைச் சுற்றியுள்ள மேக வளையத்தின் குளிருக்கும் எவ்வளவு வேறுபாடு. அதை வைத்து 1 முதல் 8 வரை ஒரு எண் கொடுக்க வேண்டும். 4 என்றால் 65 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), 6 என்றால் 115 நாட், 8 என்றால் 170 நாட். ஒரு நாளைக்குள் எண் இவ்வளவுக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை. பௌதிகச் சமன்பாட்டிலிருந்து பிறந்த முறை இல்லை இது. நூற்றுக்கணக்கான படங்களைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து, விமானங்கள் அளந்த வேகத்தோடு ஒப்பிட்டு எழுந்த முறை. அதன் பின்னால் பௌதிகம் இருக்கிறது என்பது உண்மைதான். கண் சூடாகவும் வளையம் குளிராகவும் இருந்தால் காற்று மையத்தில் இறங்கி ஓரத்தில் வலுவாக ஏறுகிறது என்று பொருள். ஆனாலும் அடித்தளம் பயிற்சி பெற்ற கண்தான். நானும் உடன் பணிபுரிந்தவரும் ஒரே படத்துக்குத் தனித்தனியாக எண் போட்டு, பிறகு மேஜையில் வைத்து வாதாடுவோம். அரை எண் வேறுபாடு சாதாரணம். அந்த அரை எண்ணே 10 நாட் வேகத்துக்கு மேல் இருக்கலாம்.

ஒரு உதாரணம் சொன்னால் இதன் கனம் தெரியும். 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸைத் தாக்கிய ஹையான் சூறாவளியின் உச்ச வேகத்தை அமெரிக்கக் கூட்டு எச்சரிக்கை மையம் மணிக்கு 315 கிலோமீட்டர் என்றது. ஜப்பான் வானிலை முகமை 230 என்றது. ஒரே புயல், ஒரே கடல், கிட்டத்தட்ட ஒரே படங்கள். முதலாவது ஒரு நிமிடச் சராசரி, இரண்டாவது பத்து நிமிடச் சராசரி. மேக வடிவத்திலிருந்து வேகத்துக்குப் போகிற அட்டவணைகளும் வேறு. உள்ளே போய் அளக்க விமானம் இல்லை. மேற்குப் பசிபிக்கில் வழக்கமான புயல் விமானப் பயணங்கள் 1987லேயே நின்றுவிட்டன. 1979ல் டிப் சூறாவளியின் மைய அழுத்தம் (இது குறையக் குறையப் புயல் வலுவானது) 870 மில்லிபார் என்று நாம் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், ஒரு விமானம் உள்ளே போய்க் கருவியை இறக்கி அளந்ததுதான். அதற்குப் பிறகு அந்தக் கடலில் எந்தப் புயல் பெரியது என்று யாராவது கேட்டால், என் பதிலில் எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும்: இதிலிருந்து இது வரை. ஒற்றை எண் கேட்டு எரிச்சலடைபவர்களிடமும் அந்த இடைவெளியைத்தான் கொடுக்கிறேன்.

வெப்பக் கதிரைப் பதிவுசெய்யும் அகச்சிவப்புப் படத்தின் பெரிய குறை, அது மேகத்தின் உச்சியை மட்டுமே பார்க்கிறது என்பது. கொதிக்கிற பானையின் மூடியைத் தொட்டுப் பார்த்து உள்ளே என்ன வேகிறது என்று சொல்வது மாதிரி. ஒரு புயல் வலுக்கிற முக்கியமான கட்டத்தில், கண் உருவாவதற்குச் சற்று முன்னால், மையத்தின் மேல் அடர்ந்த வெண்மேகம் போர்த்திக்கொள்ளும். பல மணி நேரம் படத்தில் எதுவும் தெரியாது. உள்ளே என்னென்னவோ நடந்துகொண்டிருக்கும்.

நுண்ணலை அந்த மூடியைத் திறந்தது. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேல்மட்டத்து மெல்லிய பனிமேகத்தை நுண்ணலைகள் பெரும்பாலும் ஊடுருவிவிடும். 85 முதல் 91 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், உயர்ந்த இடிமேகங்களுக்குள் இருக்கும் பெரிய பனித்துகள்கள் கீழிருந்து வரும் கதிர்களைச் சிதறடிக்கின்றன. அதனால் வலுவான மேகக் கோபுரங்கள் குளிர்ந்த புள்ளிகளாகத் தெரியும். 37 கிகாஹெர்ட்ஸில் நிலைமை மாறும். அந்த அலைவரிசையில் கடல் தன் உண்மையான வெப்பநிலையைவிட மிகக் குளிர்ந்ததாகத் தோன்றும், அதன் மேல் இருக்கும் மழைநீர் சூடாகத் தெரியும். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் புயலின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் தனித்தனியாகக் கிடைக்கும். அகச்சிவப்பில் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும் புயலில், 37 கிகாஹெர்ட்ஸ் படம் மூடிய வளையம் ஒன்றைக் காட்டினால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டிய நேரம். கீழே கண்சுவர், அதாவது கண்ணைச் சுற்றி நிற்கும் இடிமேக வளையம், கூடிவிட்டது. அடுத்த நாளுக்குள் வேகம் தாவக்கூடும்.

வலிமையான புயல்களில் இன்னொன்றும் நடக்கும். கண்சுவருக்கு வெளியே இரண்டாவதாக ஒரு வளையம் எழும்பி, உள்ளே ஈரக்காற்று போவதைத் தடுத்து, பழைய கண்சுவரைச் சாகடித்துவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் உச்ச வேகம் குறையும். ஆனால் பலத்த காற்று வீசும் பரப்பு அகலமாகும், கடல்நீர் உட்புகும் ஆபத்தும் விரியும். "புயல் பலவீனமடைந்தது" என்ற தலைப்புச் செய்தியைப் பார்க்கும்போது எனக்குப் பதைப்பாக இருப்பது இதனால்தான். நுண்ணலைப் படத்தில் இரண்டு வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். அகச்சிவப்பில் பல சமயம் ஒன்றும் தெரியாது.

நுண்ணலையில் பார்க்கும் செயற்கைக்கோள்களில், வெப்பமண்டல மழையை அளக்க அனுப்பிய டிஆர்எம்எம்முக்கு என் மனதில் தனி இடம். 1997 நவம்பரில் ஏவப்பட்டது. தாழ்வான பாதையில் பறந்ததால் படம் கூர்மை. மழை ரேடாரும் அதில் இருந்தது. அதன் அறிவியல் குழுவை 1986லிருந்து வழிநடத்தியவர் ஜோன் சிம்ப்சன். வெப்பமண்டல இடிமேகக் கோபுரங்கள் எப்படி வெப்பத்தை மேலே கடத்துகின்றன என்று ஹெர்பர்ட் ரீலுடன் சேர்ந்து 1958ல் எழுதியவர், அந்தக் கோபுரங்களை விண்வெளியிலிருந்து அளக்கும் கருவியையும் கட்டி எழுப்பினார். ஒரு கேள்வியை அத்தனை ஆண்டுகள் விடாமல் பிடித்திருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. மூன்றாண்டுத் திட்டம் அது. எரிபொருளை மிச்சப்படுத்த 2001ல் அதன் பாதையை 350 கிலோமீட்டரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். 2004ல் நிறுத்தப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்தபோது, முன்னறிவிப்பாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் குரல் எழுப்பினார்கள். அது 2015 வரை ஓடியது.

அப்புறம் ஸ்காட்டரோமீட்டர், கடல்பரப்பில் ரேடார் துடிப்பை மோதவிட்டுக் காற்றைக் கணிக்கும் கருவி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல்களைத் தேடிய ரேடார்களுக்கு, கடல் அலையிலிருந்து திரும்பும் இரைச்சல் பெரிய தொல்லை. காற்று பலமாக வீசினால் இரைச்சல் கூடும். அந்தத் தொல்லையே பிறகு அளவுகோல் ஆனது. காற்று வீசியதும் கடல்பரப்பில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள நுண் அலைகள் எழும். ரேடார் துடிப்பு அவற்றில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று வெவ்வேறு கோணங்களில் அளந்தால், வேகமும் திசையும் கிடைக்கும். திசையில் மட்டும் குழப்பம் வரும்: ஒரே அளவீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள், சில நேரம் நேர் எதிர்த் திசையில்கூட. எது சரியானது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு தனிக் கலை.

1978 ஜூனில் ஏவிய சீசாட் செயற்கைக்கோள் இதைச் செய்து காட்டியது. சுமார் மூன்று மாதத்தில் மின்கோளாறால் நின்றுபோனது. அந்தக் குறுகிய காலத்துக்குள், செப்டம்பரில், வட அட்லாண்டிக்கில் ஒரு புயலின் மைய அழுத்தம் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 60 மில்லிபார் இறங்கியது. ஒரு நாளில் 24 மில்லிபார் குறைந்தாலே அதிவேக வளர்ச்சி என்பது பொதுவான கணக்கு. முன்னறிவிப்புகள் இதை எதிர்பார்க்கவில்லை. குயின் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பல் அதில் சிக்கி அடிபட்டது. வெப்பக் கடலில் பிறக்கும் சூறாவளிகள் மட்டுமே கடற்புயல்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தப் புயலைத்தான் சொல்வேன். குளிர்ந்த கடலுக்கு மேல், சூடான காற்றும் குளிர்காற்றும் மோதும் இடத்தில் பிறப்பவையும் கப்பலை உடைக்கும். சீசாட் அந்தக் கடலின் மேல் பறந்து காற்றை அளந்திருந்தது. அந்தத் தரவைக் கணினி மாதிரிகளில் சேர்த்து, என்ன தவறிப்போனது என்று பிறகு ஆராய்ந்தார்கள்.

ஸ்காட்டரோமீட்டரைச் சுமந்த குவிக்ஸ்காட் செயற்கைக்கோள் 1999ல் பறந்தது. 1,800 கிலோமீட்டர் அகலப் பட்டையில், கடலின் பெரும்பகுதியை ஒரே நாளில் வருடிவிடும். 2009 நவம்பரில் அதன் ஆன்டெனா சுழல்வது நிற்கும் வரை, முழுப் பத்தாண்டு. எங்கள் துறையில் அந்தப் பத்தாண்டை ஒரு பொற்காலமாகவே பேசுவோம். பிறகு இந்தியாவின் ஓஷன்சாட்-2, ஐரோப்பாவின் மெட்டாப் வரிசை எல்லாம் அந்த வேலையைத் தொடர்ந்தன. குறை இல்லாமல் இல்லை. குவிக்ஸ்காட் பயன்படுத்திய அலைவரிசையில் கனமழை ரேடார் துடிப்பைக் கெடுக்கும். புயலின் மையத்தை ஒட்டித்தான் மழை அதிகம். மிகப் பலமான காற்றில் கடல்பரப்பின் சொரசொரப்பு ஒரு கட்டத்துக்கு மேல் கருவிக்கு மாறுதலாகத் தெரிவதில்லை. மணிக்கு 200 கிலோமீட்டரில் வீசும் காற்றுக்கு அது குறைவான எண்ணைக் கொடுக்கும். வெளிவட்டத்துக் காற்று எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கேட்டால் ஸ்காட்டரோமீட்டரை முழுமனதாக நம்பலாம். கண்சுவரின் உச்ச வேகத்துக்கு வேறு ஆளைத் தேட வேண்டும்.

அந்த வேறு ஆள் வந்த விதம் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த ஒன்று. மண்ணின் ஈரத்தை அளக்க எஸ்எம்ஓஎஸ் என்ற செயற்கைக்கோளை 2009ல் ஐரோப்பாவும், எஸ்எம்ஏபி என்பதை 2015ல் அமெரிக்காவும் ஏவின. எஸ்எம்ஏபியின் ரேடார் சில மாதத்திலேயே செத்துவிட்டது. கடலும் நிலமும் தாமே வெளியிடும் கதிரை அளக்கும் ரேடியோமீட்டர் பிழைத்தது. அது பயன்படுத்தும் நீண்ட அலைநீளத்துக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. காற்று பலக்கப் பலக்கக் கடல்பரப்பை வெண்ணுரை மூடும், நுரை கூடக் கூடக் கடல் பிரகாசமாகத் தெரியும், அந்தப் பிரகாசம் சூறாவளி வேகத்திலும் ஏறிக்கொண்டே போகும். மண்ணைப் பார்க்கப் போன கருவி, புயலின் நடுவில் காற்றைச் சொல்லத் தொடங்கியது. ஒரு படப்புள்ளி சுமார் 40 கிலோமீட்டர் என்பதால் சிறிய கண்சுவர் கரைந்துபோகும். அதற்கு ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற செயற்கைக்கோள்களின் ரேடார் படம் உதவுகிறது, கிலோமீட்டர் அளவில் காற்றைப் பிரித்துக் காட்டும். ஆனால் அது புயலுக்கு மேல் வரும் நாள் குறைவு.

கடலுக்குள்ளும் பார்க்க வேண்டியிருக்கிறது. மேற்பரப்பு வெப்பம் 26.5 டிகிரியைத் தாண்டினால் போதும் என்று பாடத்தில் படிக்கிறோம். மேலே மெல்லிய சூடான படலம் மட்டும் இருந்தால் புயல் தானே கடலைக் கலக்கி, கீழிருந்து குளிர்நீரைக் கொண்டுவந்து தன் உணவைக் கெடுத்துக்கொள்ளும். சூடான நீர் ஆழம் வரை இருந்தால் அந்தத் தடை கிடையாது. சூடான நீர் விரிவதால் கடல்மட்டம் அங்கே சில பத்து சென்டிமீட்டர் உயரும். 1992ல் ஏவிய டோபெக்ஸ்/பொசைடன் போன்ற ஆல்டிமீட்டர்கள் அந்த மேட்டை அளக்கும். 1995ல் ஓபல் சூறாவளி மெக்சிகோ வளைகுடாவில் கரையை நெருங்கும் இரவில் திடீரென வலுத்தது. அது கடந்து வந்த சூடான நீர்ச்சுழலை ஆல்டிமீட்டர் தரவு பின்னர் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவு இருந்தும் 2023 அக்டோபரில் ஓடிஸ் சூறாவளி மெக்சிகோவின் அகபுல்கோ நகரத்தைத் தாக்கியபோது என்ன நடந்தது? ஒரு நாளைக்கு முன் சாதாரண வெப்பமண்டலப் புயல். கரையேறும்போது ஐந்தாம் வகைச் சூறாவளி, வலிமையில் மிக உயர்ந்த வகை. அந்த நகரத்து மக்களுக்குத் தயாராக நேரமே இல்லை. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. துருவப் பாதையில் சுற்றும் நுண்ணலைச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஒரே இடத்துக்கு மேல் நாளைக்கு இரண்டு முறைதான் வரும். அந்த இரண்டிலும் புயல் அது படம் எடுக்கும் பட்டைக்கு வெளியே நழுவிவிடலாம். சில மணி நேரத்தில் உருமாறும் புயலுக்கு இந்த இடைவெளி மிகப் பெரிது. 2023ல் டிராபிக்ஸ் என்ற சிறு செயற்கைக்கோள் கூட்டத்தை ஏவியது இடைவெளியை ஒரு மணி நேர அளவுக்குக் குறைக்கத்தான். மறுபக்கம், பல ஆண்டுகளாக நாங்கள் சார்ந்திருக்கும், அமெரிக்க ராணுவத்தின் டிஎம்எஸ்பி வானிலைச் செயற்கைக்கோள்கள் முதுமையடைந்துவிட்டன. 2025 ஜூனில் அவற்றின் தரவு நிறுத்தப்படும் என்று அறிவித்து, பிறகு தொடரும் என்றார்கள். புதிய கருவிக்குப் பணம் கேட்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய அளவீட்டை அறுந்துபோகாமல் காப்பாற்றப் பணம் கேட்பது கடினம். என் கருத்தில் இரண்டாவதே முக்கியம். புயல்கள் வலுவடைகின்றனவா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், இன்றைய கருவியும் நாற்பதாண்டு முந்தைய கருவியும் ஒரே அளவில் பேச வேண்டும். அந்த ஒப்பீட்டு வேலையைச் செய்பவர்களின் பெயர் செய்தியில் வராது. என் பிற்காலப் பணி முழுக்க அதுதான். அதில் எனக்கு முழுத் திருப்தி.

பார்த்துவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. 1970 நவம்பரில் வங்கக் கடலின் வடமுனையைத் தாக்கிய போலா புயல் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்திருந்தது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். படத்துக்கும் தாழ்ந்த தீவில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் நடுவே போதுமானது எதுவும் இல்லை: எச்சரிக்கை சரியாகப் போய்ச் சேரவில்லை, ஏறி நிற்கப் போதிய புகலிடம் இல்லை. இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் தொடக்கத்திலேயே அந்தப் புயலைப் பற்றிப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்த வேலைக்கு வர விரும்பும் மாணவர்கள் எந்தப் பாடம், எந்தக் கணினி மொழி என்று கேட்டு எழுதுகிறார்கள். பௌதிகமும் நிரலாக்கமும் தேவைதான், ஆனால் நான் சொல்வது வேறு. கடந்த காலப் புயல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தரவுகளில் பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கின்றன. அந்தப் புயலின் அகச்சிவப்புப் படங்களை நேர வரிசையில் அடுக்குங்கள், மேலே எங்கெல்லாம் நுண்ணலைப் படம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் சேருங்கள், ஸ்காட்டரோமீட்டர் காற்றை அதன் மேல் வரையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உச்ச வேகம் என்ன என்று நீங்களே ஒரு எண் எழுதுங்கள். பக்கத்தில், அது எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று இன்னொரு எண்ணும் எழுதுங்கள். எல்லாம் முடித்த பிறகுதான் அதிகாரபூர்வப் பதிவைத் திறக்க வேண்டும். இரண்டாவது எண்ணை எழுத எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு எழுதுங்கள். அங்கிருந்து பேசலாம்.